பெயரை இழந்த யூஸுப்: சமகால ரஷ்யப் புனைகதையில் வரலாற்று ஞாபகமும் இன அடையாளமும்

தமிழ் வாசகருக்கு ரஷ்ய இலக்கியம் அந்நியமானதன்று. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் வெளியிட்ட தமிழ் நூல்கள் ஒரு காலத்தில் மிகக் குறைந்த விலைக்கு நமது ஊர்களின் நூலகங்களையும் வீட்டு அலுமாரிகளையும் வந்தடைந்தன. தோல்ஸ்தோயையும் தஸ்தயேவ்ஸ்கியையும் கோர்க்கியையும் நாம் அவ்வழியாகவே அறிந்தோம். அதே வரிசையில்தான் 'ஜமீலா', 'முதல் ஆசிரியர்', 'அன்னை வயல்' என்பனவும் வந்தன. அவற்றின் ஆசிரியரான சிங்கிஸ் ஐத்மாத்தவ் கிர்கீசிய முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அன்று பொருட்படுத்தினோம்? 'சோவியத் எழுத்தாளர்' என்ற பொதுப்பெயர் அவரது தாய்மொழியையும் அவரது பாட்டனார் ஓதிய துஆக்களையும் நமது பார்வையிலிருந்து மறைத்துவிட்டது.

இம்மறைப்பு ரஷ்ய மொழிக்குள்ளேயே ஒரு சொற்சிக்கலாக உறைந்திருக்கிறது. நாம் 'ரஷ்ய' என்று ஒரே சொல்லால் குறிப்பதை அம்மொழி இரண்டு சொற்களால் குறிக்கிறது. 'ரூஸ்கி' என்பது இனத்தையும் மொழியையும் சுட்டும். 'ரஸ்ஸீஸ்கி' என்பது நாட்டையும் அரசையும் சுட்டும். ஒரு தாத்தாரியர் இரண்டாவது பொருளில் ரஷ்யர், முதற்பொருளில் அல்லர். ஆனால் அவர் நாவல் எழுத அமரும்போது, பெரும்பாலும் அந்த முதற்சொல் குறிக்கும் மொழியிலேயே எழுதுகிறார். தன் சமூகத்தின் ஞாபகத்தை, அந்த ஞாபகத்தைச் சிதைத்த ஆட்சியின் மொழியிலேயே பதிவுசெய்ய வேண்டிய நிலை இது. அவ்வாறு பதியும்போது எது மிஞ்சுகிறது, எது நழுவிப்போகிறது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விழையும் வினாவாகும். குஸேல் யாஹினாவின் 'ஸுலைகா கண் திறக்கிறாள்' என்ற நாவலை மையமாகக் கொண்டு, வேறு சில ஆக்கங்களையும் அதனருகே வைத்து நோக்குவோம்.

மறக்கடிக்கப்பட்ட மகன்

இவ்வினாவை நவீன ரஷ்யப் புனைகதையில் மிகக் கூர்மையாக எழுப்பியவர் ஐத்மாத்தவே எனலாம். 1980இல் 'நோவி மீர்' இதழில் வெளிவந்த, 'நூற்றாண்டினும் நீண்டது ஒரு நாள்' என்று பொருள்படும் அவரது நாவலில் ஒரு பழங்கதை இடம்பெறுகிறது. பகைவர்கள் ஓர் இளைஞனைச் சிறைப்பிடித்து, அவனது தலையை மழித்து, ஒட்டகத்தின் பச்சைத் தோலை அதன்மீது இறுகப் பொருத்தி வெயிலில் விட்டுவிடுகின்றனர். தோல் காயக்காயச் சுருங்கி மண்டையை நெரிக்கிறது. உயிர் பிழைப்பவன் தன் பெயரையும் தந்தையின் பெயரையும் மறந்து, சொன்னதைச் செய்யும் அடிமையாகிறான். அவனே 'மான்குர்ட்'. தேடிவந்த தாய் நைமன் அனா அவனது பெயரையும் தந்தையின் பெயரையும் மீண்டும் மீண்டும் நினைவூட்டுகிறாள். எசமானர்களின் சொற்கேட்டு அவன் தாயையே அம்பெய்து கொல்கிறான்.

இக்கதை பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. ஆனால் அது பொதிந்திருக்கும் நாவலின் பிரதான நிகழ்வு ஒரு ஜனாஸா நல்லடக்கம் என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. கசாக் புல்வெளியின் ரயில் நிலையமொன்றில் வாழும் எதிகேய், தன் முதிய நண்பர் கசங்காப்பை முன்னோரின் மையவாடியில் அடக்கம் செய்வதற்காகக் கொண்டு செல்கிறார். இறந்தவரின் படித்த மகனுக்குத் தந்தைக்காக ஓத வேண்டிய துஆக்கூடத் தெரியாது. மையவாடியோ விண்வெளி ஏவுதளத்தின் முட்கம்பி வேலிக்குள் அகப்பட்டுக் கிடக்கிறது. காவல் அதிகாரி ஒரு கசாக் இளைஞன். எதிகேய் தாய்மொழியில் பேச்சைத் தொடங்கியதும், தான் கடமையில் இருப்பதாகவும் ரஷ்ய மொழியில் பேசுமாறும் அவன் கூறுகிறான். ஒட்டகத்தோலின் வேலையை இங்கே பாடசாலையும் சீருடையும் செய்துவிட்டன. தணிக்கை நிலவிய ஒரு காலத்தில் ஐத்மாத்தவ் இதனைச் சொல்லத் துணிந்தார். மைய்யித்தைச் சுமந்து செல்லும் முதியவருக்கு ஓதத் தெரிந்திருக்கிறது என்பதே அந்நாவலின் எஞ்சிய நம்பிக்கை.

சைபீரியாவுக்குச் சென்ற ஸுலைகா

ஐத்மாத்தவுக்கு 35 ஆண்டுகள் பிந்தி, 2015இல் வெளிவந்தது யாஹினாவின் நாவல். 1977இல் கஸானில் பிறந்த தாத்தாரியப் பெண்மணியான அவரின் முதல் நாவல் அது. அதே ஆண்டில் ரஷ்யாவின் 'பெரிய நூல்' விருதையும் 'யாஸ்னயா பல்யானா' விருதையும் வென்று, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. சிறுமியாக இருந்தபோது குடும்பத்தோடு அங்காரா நதிக்கரைக்கு நாடுகடத்தப்பட்ட தன் பாட்டியின் வாழ்வே இந்நாவலுக்குத் தூண்டுகோல் என்று ஆசிரியர் கூறியிருக்கிறார். 1930, 1931ஆம் ஆண்டுகளில் மட்டும் 'குலாக்' அதாவது வசதிபடைத்த விவசாயி என முத்திரை குத்தப்பட்ட ஏறத்தாழ 18 இலட்சம் பேர் குடும்பங்களோடு இவ்வாறு பெயர்த்தெறியப்பட்டனர். ஒவ்வொரு குடும்பத்திலும் எவரேனும் ஒரு பாட்டி இதனை அறிந்திருந்தார். எவரும் உரக்கப் பேசவில்லை. அந்த மௌனத்தை உடைத்தமையே இந்நாவலின் முதற்பெரும் தகுதியாகும்.

கதை 1930இன் குளிர்காலத்தில் யூல்பாஷ் என்ற தாத்தாரியக் கிராமத்தில் தொடங்குகிறது. ஸுலைகாவுக்கு வயது 30. தன்னைவிட மிக மூத்தவனான கணவன் முர்தஸாவுக்கும், பார்வையும் செவியும் இழந்த மாமியாருக்கும் பணிவிடை செய்வதே அவளது வாழ்வு. பெற்ற நான்கு பெண் குழந்தைகளும் சிசுப் பருவத்திலேயே இறந்துவிட்டன. தானியப் பறிமுதலுக்கு வந்த செம்படைப் பிரிவின் தலைவன் இக்னாத்தவ் முர்தஸாவைச் சுட்டுக் கொல்கிறான். ஸுலைகா மாட்டுவண்டி போன்ற ரயில் பெட்டியில் ஏற்றப்பட்டு, பல மாதங்கள் அலைந்து, சைபீரியக் காட்டில் ஆற்றங்கரையொன்றில் இறக்கிவிடப்படுகிறாள். அவளோடு வந்தவர்களில் கஸான் பல்கலைக்கழகத்து ஜெர்மானிய மருத்துவர் லைபே, லெனின்கிராட்டின் ஓவியர், பிரெஞ்சு பேசும் மூதாட்டி, விவசாயிகள், திருடர்கள் எனப் பலரும் உள்ளனர். வெறும் மண்குழியில் முதற்குளிர்காலத்தைக் கழித்த அவர்கள் எழுப்பும் குடியேற்றமே செம்ருக். அங்கே ஸுலைகாவுக்கு ஓர் ஆண்குழந்தை பிறக்கிறது. யூஸுப் என்று பெயரிடுகிறாள். இம்முறை குழந்தை பிழைக்கிறது.

யூஸுப், ஸுலைகா ஆகிய பெயர்கள் நம் வாசகருக்கு விளக்கம் வேண்டாதவை. அல்குர்ஆன் அழகிய வரலாறு என வருணிக்கும் ஸூரா யூஸுபிலிருந்து கிளைத்து, பாரசீகத்திலும் துருக்கியிலும் காவியங்களாக விரிந்த கதை அது. வோல்கா நதிக்கரை முஸ்லிம்களிடையே 13ஆம் நூற்றாண்டில் குல் அலி இயற்றிய 'கிஸ்ஸயி யூஸுப்' தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டது. தமிழ் முஸ்லிம்களிடையே கிஸ்ஸா மரபாக வழங்கி, கவிஞர் சாரண பாஸ்கரனின் 'யூஸுப் ஸுலைகா' காப்பியம் வரை வந்ததும் அதே கதையே. அங்காரா நதிக்கரையின் ஓர் ஏழைப்பெண் தன் மகனுக்கு யூஸுப் என்று பெயர் வைக்கும்போது, அந்தப் பெயரின் பின்னால் ஒரு நாகரிகம் முழுவதும் நிற்கிறது. நாடுகடத்தல், கிணறு, அடிமைச்சந்தை, சிறை ஆகியவற்றைக் கடந்துவந்த ஒரு நபியின் பெயர் அது. நாவலாசிரியர் இக்காதற்கதையைத் தலைகீழாக்கி, பிரிவின் வேதனையை மனைவியிடமிருந்து தாய்க்கு மாற்றியிருப்பது நுட்பமான கலைச்செயலாகும்.

இருள் எங்கே, ஒளி எங்கே?

நாவலின் தலைப்பாக அமைந்த வாக்கியமே அதன் முதல் வாக்கியமும் ஆகும். கதையின் திருப்பங்களில் அது திரும்பத் திரும்ப வருகிறது. தொடக்கத்தில் அதற்குத் துயிலெழுதல் என்பதே பொருள். கதை வளர வளர அது விழிப்புறுதல், விடுதலை பெறுதல் என்ற பொருள்களை ஏற்கிறது. செம்ருக்கில் ஸுலைகா துப்பாக்கி ஏந்தி வேட்டையாடக் கற்கிறாள். ஆண்களோடு சமமாக அமர்கிறாள். தன் கணவனைக் கொன்ற இக்னாத்தவையே நேசிக்கவும் தொடங்குகிறாள். யூல்பாஷில் மூடியிருந்த கண்கள் சைபீரியாவில் திறக்கின்றன.

இங்கேதான் நமது தயக்கம் தொடங்குகிறது. ஸுலைகாவின் கண்கள் மூடியிருந்த வீட்டில் இஸ்லாம் எந்த வடிவில் இருந்தது? கொடுமை செய்யும் கணவனாக, சாபமிடும் மாமியாராக, எண்ணற்ற ஆவிகளாக இருந்தது. நாவலின் தொடக்க அத்தியாயத்தில் அவள் வீட்டுப் பரணிலிருந்து இனிப்பைத் திருடிச் சென்று ஊரெல்லை ஆவிக்குப் படைக்கிறாள். அந்த ஆவி மையவாடி ஆவியிடம் பரிந்துபேசி, தன் குழந்தைகளின் கப்றுகளைக் காக்கும் என்பது அவளது நம்பிக்கை. மனத்தை உருக்கும் காட்சி அது. தாத்தாரியக் கிராமங்களில் இத்தகைய நம்பிக்கைகள் நிலவியதும் உண்மையே. நமது கிராமங்களிலும் இதையொத்தவை உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆனால் ஸுலைகாவின் உலகில் இவை மட்டுமே இருக்கின்றன. அடர்ந்த காட்டை அல்லாஹ்வின் பார்வை எட்டாது என்று எண்ணத் தொடங்கும் அவளது தொழுகை, வேலைப்பளுவோடு தேய்ந்து போகிறது. அதனை இழப்பாக அவளும் உணரவில்லை, நாவலும் உணரவில்லை.

1930இன் கஸான் பிரதேசம் அறிவொளி அற்ற இருள்நிலமாக இருந்ததா? வரலாறு வேறுவிதமாகக் கூறுகிறது. 1803 முதல் அல்குர்ஆனை அச்சிட்ட நகரம் கஸான். ஷிஹாபுத்தீன் மர்ஜானி (1818–1889) தம் மக்களின் வரலாற்றை மூலாதாரங்களைக் கொண்டு எழுதிய பூமி அது. 1917 ஏப்ரலில் முஸ்லிம் பெண்களின் மாநாடு கஸானில் கூடியது. அதே ஆண்டு மே மாதத்தில் மாஸ்கோவில் நடந்த அகில ரஷ்ய முஸ்லிம் மாநாடு முஹ்லிஸா பூபி என்ற பெண்மணியை மார்க்க நிருவாகத்தின் காழிகளுள் ஒருவராகத் தெரிவுசெய்தது. ஈஜ்பூபி கிராமத்தில் பெண்களுக்கான மத்ரஸாவை நடத்தி ஆசிரியைகளை உருவாக்கியவர் அவர். 1937இல் கைதுசெய்யப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸுலைகா நாடுகடத்தப்பட்ட அதே 1930ஆம் ஆண்டில்தான் பேரறிஞர் மூஸா ஜாருல்லாஹ் பிகியெவ் தம் குடும்பத்தை விட்டு நாட்டிலிருந்து தப்பிச் சென்றார். இந்தியாவிலும் பிற நாடுகளிலும் அலைந்து 1949இல் கெய்ரோவில் காலமானார். ஸுலைகாவின் ரயில் புறப்பட்டபோது முஹ்லிஸா பூபி காழியாகப் பதவியில் இருந்தார் என்பதை இந்நாவலைப் படிக்கும் எந்த வாசகரும் ஊகிக்க முடியாது.

ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு மர்ஜானியைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. புனைகதை கலைக்களஞ்சியமன்று. ஆனால் நாவலாசிரியர் அதே ரயிலில் ஐரோப்பிய அறிவின் பிரதிநிதிகளை ஏற்றியிருக்கிறார் அல்லவா? மருத்துவர், ஓவியர், பிரெஞ்சு மூதாட்டி என அறிவாளிகள் அனைவரும் பிற இனத்தவர். யூஸுபுக்கு ஓவியமும் பிரெஞ்சும் மருத்துவமும் கற்பிப்போர் அவர்களே. அவனுக்கு அலிஃப் எழுதிக் காட்ட அந்த ரயிலில் ஒருவரும் ஏறவில்லை. உண்மையில் அக்காலத்து நாடுகடத்தல் ரயில்களில் ஆலிம்களும் முஅத்தின்களும் மத்ரஸா ஆசிரியர்களும் ஏற்றப்பட்டனர். மார்க்கப் பணியாளர் என்பதே அவர்கள் செய்த குற்றமாக இருந்தது. நமது குறை நாவல் தேர்ந்தெடுத்ததைப் பற்றியதன்று. அது தேர்ந்தெடுக்காமல் விட்டதைப் பற்றியது.

தாத்தாரிய இலக்கியம் தன் சமூகத்தின் அறியாமையைக் கண்டிக்கத் தயங்கியதே இல்லை என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. அயாஸ் இஸ்ஹாக்கி 1904இல் வெளியிட்ட, 'இருநூறு ஆண்டுகளின் பின் அழிவு' என்று பொருள்படும் ஆக்கத்தில், கல்வியைப் புறக்கணித்த தம் மக்கள் பூண்டோடு மறைந்துபோவதைக் கற்பனை செய்தார். யாஹினாவைவிடக் கடுமையான விமர்சனம் அது. ஆயினும் இஸ்ஹாக்கியின் எழுத்தில் நோயும் அந்த வீட்டினுடையது. மருந்தும் அந்த வீட்டினுடையது. யாஹினாவின் நாவலிலோ நோய் வீட்டிலும், மருந்து நாடுகடத்திய கைகளிலும் இருக்கின்றன.

எழுத்து மாறியபோது

இக்குறையை ஆசிரியரின் தனிப்பட்ட குற்றமாகச் சுமத்துவது நீதியன்று. அவர் பிறக்கும் முன்னரே ஒரு பெரும் துண்டிப்பு நிகழ்ந்துவிட்டது. ஆயிரமாண்டு கால அரபு எழுத்து மரபைக் கொண்டிருந்த தாத்தாரிய மொழி 1920களின் இறுதியில் இலத்தீன் எழுத்துக்கு மாற்றப்பட்டது. 1939இல் மீண்டும் ஸிரில்லிக் எழுத்துக்கு மாற்றப்பட்டது. பத்தே ஆண்டுகளில் இருமுறை எழுத்து மாறிய ஒரு சமூகத்தில், பேரனால் பாட்டனாரின் கடிதத்தை வாசிக்க முடியாது. கப்றின் தலைமாட்டுக் கல்லையும் வாசிக்க முடியாது. புத்தகங்களை எரிக்க வேண்டிய தேவையே இல்லை. அவை அலுமாரியில் இருந்துகொண்டே ஊமையாகிவிடும்.

அரபுத்தமிழில் எழுதப்பட்ட தம் முன்னோரின் கிதாபுகளைப் பார்வைக்கு மட்டும் வைத்திருக்கும் நமக்கு இந்நிலை புரியாததன்று. நமது இழப்பு எவரும் ஆணையிட்டு விளைந்ததன்று. அச்சும் பாடசாலையும் வாழ்க்கைமுறையும் மாறியபோது மெல்ல நிகழ்ந்தது. அவர்களது இழப்பு அரச ஆணையால் நிகழ்ந்தது. காரணங்கள் வேறாயினும் வாசிக்கத் தெரியாத பேரனின் கை ஒன்றே.

இவ்வாறு நோக்கும்போது, வாய்வழி வந்த ஆவிக்கதைகள் யாஹினாவை எட்டியமைக்கும் மத்ரஸாவின் நூல்கள் எட்டாமைக்கும் காரணம் விளங்குகிறது. பாட்டியின் நாவிலிருந்து பேத்தியின் செவிக்கு வந்தது பிழைத்தது. ஏட்டில் இருந்தது அறுந்தது. மறதியை எதிர்த்துச் சாட்சி சொல்லும் இந்நாவல் அதே மறதியின் விளைபொருளாகவும் இருக்கிறது. துண்டிப்பு இன்னும் நின்றபாடில்லை. தாத்தாரிஸ்தான் பாடசாலைகளில் கட்டாயமாக இருந்த தாத்தாரிய மொழிப்பாடம் 2017இல் விருப்பப் பாடமாக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 53 இலட்சமாக இருந்த ரஷ்யாவின் தாத்தாரியர் தொகை, 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 47 இலட்சமாகப் பதிவானது.

வேறு குரல்கள்

இதே வினாவுக்குப் பிற எழுத்தாளர் அளித்துள்ள விடைகளையும் சுருக்கமாக நோக்குதல் தகும்.

தாகெஸ்தானின் அவார் இனத்தவரான அலிஸா கனியெவா, ஆண் புனைபெயரில் எழுதிய 'ஸலாம் உனக்கு, தல்காத்!' என்ற குறுநாவலுக்காக 2009இல் 'தெப்யூத்' பரிசைப் பெற்றார். பரிசளிப்பின்போதே அதனை எழுதியவர் ஒரு இளம்பெண் என்பது வெளிப்பட்டது. 2012இல் வந்த அவரது நாவலான 'பண்டிகை மலை', காக்கேசியாவை ரஷ்யாவிலிருந்து பிரிக்க ஒரு மதில் எழுப்பப்படுகிறது என்ற வதந்தியிலிருந்து விரிகிறது. அவரது மாந்தர்கள் சந்தையிலும் திருமண வீட்டிலும் பள்ளிவாசல் வாயிலிலும் ஓயாமல் வாதிடுகின்றனர். ஸூபித் தரீக்காவினர், ஸலபிகள், பழைய கம்யூனிஸ்டுகள், இனப்பெருமை பேசுவோர் என ஒவ்வொருவரும் 'நமது வரலாறு' என்று ஒன்றைச் சொல்கின்றனர். ஒன்று மற்றொன்றோடு பொருந்துவதில்லை. கனியெவா கடும்போக்காளர்களை மிகுந்த கண்டிப்போடு சித்திரிக்கிறார். பழைய கலைப்பொருள்கள் அவர்கள் கைகளால் அழிவதையும் காட்டுகிறார். ஆயினும் அவரது நாவலில் இஸ்லாம் வாதத்துக்குரிய ஓர் அறிவுலகமாக இருக்கிறது. ஆவிகள் வாழும் பரணாக இல்லை. அவரை நாம் மறுக்கலாம். அவரோடு விவாதிக்க இடமிருக்கிறது.

செச்னிய எழுத்தாளர் கெர்மன் சதுலாயெவின் 'நான் ஒரு செச்னியன்!' 2006இல் வெளிவந்தது. செச்னியத் தந்தைக்கும் ரஷ்யத் தாய்க்கும் பிறந்த அவர், போர் நடந்தபோது பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தவர். குண்டுகள் விழும்போது உடனில்லாதவனின் குற்ற உணர்வே அந்நூலின் உயிர். அது ஒழுங்கான கதையாக இல்லாமல் துணுக்குகளாகச் சிதறிக் கிடக்கிறது. சிதறடிக்கப்பட்ட ஞாபகத்துக்கு அதுவே நேர்மையான வடிவம். 1944 பெப்ரவரி 23இல் தொடங்கி, ஏறத்தாழ 5 இலட்சம் செச்னியரும் இங்குஷியரும் மத்திய ஆசியாவுக்குப் பெயர்த்தெறியப்பட்ட வரலாறு அதன் பின்னணியில் ஒலிக்கிறது. இதற்கு நேர்மாறானது, ரஷ்ய எழுத்தாளர் விளாதிமிர் மகானினுக்கு 2008இல் 'பெரிய நூல்' விருதைப் பெற்றுத்தந்த 'அசான்'. செச்னியப் போரைப் பற்றிய அந்நாவல், மலைமக்களுக்கு 'அசான்' என்ற ஒரு பழந்தெய்வத்தைக் கற்பித்து ஒட்டுகிறது. அவர்களது மார்க்கம் கண்முன்னே இருக்கும்போது, இல்லாத விக்கிரகமொன்று அவர்களின் ஆழ்மனமாக ஆக்கப்படுகிறது.

லுத்மிலா உலீத்ஸ்கயாவின் 'மெதியாவும் அவளது பிள்ளைகளும்' (1996) நம் மனத்தைக் கவர்ந்த மற்றோர் ஆக்கம். உலீத்ஸ்கயா முஸ்லிம் அல்லர். யாஹினாவின் நாவலுக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. கிரிமியாவில் தனித்து வாழும் கிரேக்க முதியவள் மெதியாவைத் தேடி ரவீல் யூஸுபொவ் என்ற இளைஞன் வருகிறான். 1944 மே மாதத்தில் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்ட கிரிமியத் தாத்தாரியரின் வழித்தோன்றல் அவன். தன் முன்னோரின் மண்ணில் ஒரு வீடு வாங்கவும் அவனுக்கு அனுமதியில்லை. மெதியா பேச்சில் எதையும் பெரிதுபடுத்துவதில்லை. அவள் இறந்தபின் உயிலைத் திறந்து பார்த்தால், வீட்டை உறவினர் எவருக்கும் எழுதிவைக்காமல் அந்த ரவீலுக்கே எழுதி வைத்திருக்கிறாள். அயலவரின் ஞாபகத்துக்கு நீதி செய்வது எவ்வாறு என்பதற்கு இதைவிடச் சிறந்த இலக்கியச் சான்று நமக்குத் தெரியவில்லை. பிறரின் வரலாற்றை வருணிக்க முயலாமல், பறிக்கப்பட்டதைத் திருப்பிக் கொடுக்கும் செயல் அது.

இருபுறமும் எழுந்த கண்டனம்

2020 ஏப்ரலில் யாஹினாவின் நாவல் ரஷ்ய அரசுத் தொலைக்காட்சியில் தொடராக ஒளிபரப்பாகியபோது கடும் சர்ச்சை மூண்டது. சோவியத் வரலாற்றை அவதூறு செய்கிறது என்று கம்யூனிஸ்டுகள் கண்டித்தனர். தாத்தாரியரை இழிவுபடுத்துகிறது என்று தாத்தாரியத் தேசியவாதிகள் கண்டித்தனர். தொடரில் நாடுகடத்தப்படுவோரின் பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படும் காட்சியில் சமகால முப்திகளின் பெயர்கள் இடம்பெற்றமை முஸ்லிம்களைப் புண்படுத்தியது.

இக்கண்டனங்களை ஒரே தட்டில் வைத்தல் தவறாகும். நாடுகடத்தலே நிகழவில்லை என்பது போன்றும், நிகழ்ந்தது நியாயமே என்பது போன்றும் பேசுவோருக்கு எதிரே நாம் ஐயமின்றி நாவலின் பக்கமே நிற்போம். அரசியல் வன்முறைக்குப் பலியானோரின் பெயர்களைத் தொகுத்துவந்த 'மெமோரியல்' அமைப்பைக் கலைக்குமாறு ரஷ்ய உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பெயர்ப்பட்டியல்களே ஆபத்தாகக் கருதப்படும் ஒரு நாட்டில், ஒரு பாட்டியின் கதையை இலட்சக்கணக்கானோரைப் படிக்கவைத்தவருக்கு நாம் நன்றி கூறவே வேண்டும். நமது விமர்சனம் அந்த நன்றிக்குப் பின்னால் வருவது. அழிக்கப்பட்டதை நினைவுகூர்பவர், அழிக்கப்பட்டது என்ன என்பதை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதே அது. உடல்கள் மட்டும் அழியவில்லை. ஓர் அறிவு மரபும் அழிந்தது.

யஃகூபின் கண்கள்

நாவலின் முடிவு 1946இல் நிகழ்கிறது. யூஸுப் பெருநகரம் சென்று ஓவியம் பயில விரும்புகிறான். நாடுகடத்தப்பட்டவளின் மகன் என்ற அடையாளத்தோடு அவனால் வெளியேற முடியாது. பதவி இழக்கும் தறுவாயில் இருக்கும் இக்னாத்தவ் அவனுக்குப் புதிய பிறப்புச் சான்றிதழொன்றை எழுதிக் கொடுக்கிறான். அதில் பெயர் இயோசிப் இக்னாத்தவ். முர்தஸாவின் மகன் யூஸுப், முர்தஸாவைக் கொன்றவனின் மகனாகக் காகிதத்தில் மாறி, ஆற்றைக் கடந்து போகிறான். தாய் கரையில் நிற்கிறாள்.

'யூஸுப்' என்பதும் 'இயோசிப்' என்பதும் ஒரே நபியின் பெயர்களே என்று ஒருவர் ஆறுதல் கூறலாம். ஆனால் அந்தப் பெயர்மாற்றம் மொழிபெயர்ப்பன்று. அது உயிர்பிழைப்பதற்குச் செலுத்தப்பட்ட விலை. நாவல் இதனைத் தியாகமாகவும் அன்பின் வெளிப்பாடாகவும் காட்டுகிறது. அது உண்மையுங்கூட. ஆயினும் ஐத்மாத்தவின் நைமன் அனா மகனின் பெயரை உரக்கக் கூவியபடியே மடிந்தாள் என்பதை மறக்க இயலவில்லை. அங்கே பெயரை மறக்கடித்தவன் பகைவன். இங்கே பெயரை மாற்றிக் கொடுப்பவன் பாதுகாவலன். 35 ஆண்டுகளில் ரஷ்யப் புனைகதை கடந்துவந்த தொலைவை இவ்வேறுபாடு அளந்து காட்டுகிறது.

ஸூரா யூஸுபிலும் கண்கள் திறக்கின்றன. அவை ஸுலைகாவின் கண்கள் அல்ல. அப்பெயரே அல்குர்ஆனில் இல்லை. மகனின் பிரிவால் அழுது அழுது வெளுத்துப்போன யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் அவை. மகனின் சட்டை முகத்தில் இடப்பட்டதும் பார்வை மீண்டது. அச்சட்டை வந்துசேருமுன்பே அவர் மகனின் வாசனையை உணர்ந்தார். அருகிலிருந்தோர் அதனைப் பழைய மயக்கம் என்றனர். நினைவைக் கைவிடாதவருக்கே பார்வை திரும்பியது என்பதில் நமக்குப் பெரும் படிப்பினை இருக்கிறது. அங்கே கண் திறப்பதற்கு வீட்டை மறக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டைவிட்டுப் போனவனை நினைந்திருந்ததே போதுமாயிற்று.

யாஹினாவின் நாவல் அந்தச் சட்டையின் ஒரு பாதியை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. கிணற்றின் ஆழமும் பயணத்தின் கொடுமையும் அதில் படிந்திருக்கின்றன. மறுபாதி கஸானின் ஊமையான ஏடுகளில் இருக்கிறது. அதனை வாசிக்கக் கற்றுக்கொண்ட ஒரு தாத்தாரிய எழுத்தாளர் நாளை அதே ரயிலை மீண்டும் எழுதக்கூடும். அவரது ரயிலில் முஹ்லிஸா பூபியின் மாணவியொருத்தியும் அமர்ந்திருப்பாள். அந்த நாவல் எந்த மொழியில் வந்தாலும் நாம் அதனைக் காத்திருந்து வாசிப்போம். அதுவரை, நமது வீட்டு அலுமாரிகளில் வாசிப்பாரின்றிக் கிடக்கும் கிதாபுகளை எடுத்துத் தூசி தட்டி, அவற்றின் எழுத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது நம்மால் இயலாத காரியமன்று.